அளந்த தலைகளும் படிக்க வேண்டிய மூளையும்

திருச்சி உறையூரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு தங்கை வருகிறார். பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணா, மூளையைப் பத்தி மட்டும் படிக்கிறதுக்கு டிகிரி இருக்கா? திருச்சியில கெடைக்குமா?" அவருடைய அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வீட்டில் நர்ஸிங் சேரச் சொல்கிறார்கள், இல்லையென்றால் குரூப் ஃபோர் எழுதச் சொல்கிறார்கள். வட்டத்தில் இருந்த தோழர் ஒருவர், "சட்டம் படிம்மா, நமக்கு வக்கீலுங்கதான் வேணும்" என்றார். இன்னொருவர் கொஞ்சம் கிண்டலாகவே, "மூளையைப் படிச்சு சேரிக்கு என்ன ஆகப்போவுது?" என்றார்.

தங்கை பதில் சொல்லவில்லை. நாங்களும் அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். ஆனால் "மூளையைப் படிச்சு சேரிக்கு என்ன ஆகும்" என்ற கேள்வி எங்களை விடவில்லை. அதற்குப் பதில் தேடப் போனால், மூளைக்கும் சேரிக்கும் நூற்றைம்பது ஆண்டு உறவு இருப்பது தெரிகிறது. அந்த உறவில் நாம் இதுவரை ஒரே ஒரு இடத்தில்தான் இருந்திருக்கிறோம், அளவுகோலுக்குக் கீழே. இந்தக் கட்டுரை அந்த வரலாறு. தங்கைக்காக எழுதத் தொடங்கியது, இந்தப் பக்கத்தைப் படிக்கும் எல்லா மாணவத் தோழர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் அவர் கேட்டதற்கு நேரான பதில். மூளை அறிவியல், அதாவது நியூரோசயின்ஸ், தனித் துறையாக நிற்பதே புதிது. அமெரிக்காவில் அதற்கென ஒரு சங்கம் 1969-இல்தான் தொடங்கியது. அங்கே ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி 1973-இல் இளநிலை மாணவர்களுக்கு அதை முதன்மைப் பாடமாக வைத்தது, அப்படி வைத்த முதல் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. நம் நாட்டில் இளநிலையில் அந்தப் பெயரில் பட்டம் அரிது. இங்கே மூளை ஆய்வுக்குப் போனவர்கள் பெரும்பாலும் விலங்கியல், உயிர்வேதியியல், உளவியல், இயற்பியல், மருத்துவம் என்ற வாசல்கள் வழியாகப் போனவர்களே. அந்தப் பாடங்கள் திருச்சியில் உண்டு. வாசல் இருக்கிறது. வாசலில் யார் நிற்க முடிந்தது என்பதுதான் வரலாறு.

1888

உறையூரிலிருந்து காவிரிக்குப் போனால் அக்கரையில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும். 1987-இல் கட்டி முடித்த கோபுரம், 236 அடி. இதே உறையூர்க்காரர் என்று வைணவ மரபு சொல்லும் திருப்பாணாழ்வார், பாணர் குலத்தில் பிறந்ததால் கோயிலுக்குள் போக முடியாமல் இந்தக் கரையிலேயே நின்று பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், வழியில் நின்ற அவர் மீது கல்லெறிந்தார். பிறகு பெருமாள் கனவில் வந்து சொன்னதால் அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார், அவர் அங்கேயே இறைவனோடு கலந்துவிட்டார். இது கதை. பக்தியின் பெருமை என்று சொல்வார்கள். நமக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. ஒருவர் உள்ளே போக வேண்டுமானால் அவர் கால் தரையில் படக்கூடாது, போனவர் திரும்பி வரவும் கூடாது.

அந்தத் தீவிலேயே, கோயிலுக்குக் கிழக்கே திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7 அன்று சி.வி. இராமன் பிறந்தார். அதே 1888-இல் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் சந்தியாகோ ரமோன் இ கஹால் என்ற மருத்துவர் பறவைகளின் சிறுமூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்பால் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தார். மூளை ஒரே பின்னலான வலை என்று அதுவரை பலர் நம்பினார்கள். இல்லை, அது தனித்தனி நரம்பணுக்களால் ஆனது, ஒன்றை ஒன்று நெருங்கினாலும் ஒட்டிக்கொள்வதில்லை என்று கஹால் காட்டினார். நவீன மூளை அறிவியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கஹால் சிறுவனாக இருந்தபோது படிப்பில் அடங்காதவர். அப்பா கோபத்தில் அவரை ஒரு முடிதிருத்துபவரிடமும், பிறகு செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டார். நம் தோழர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அந்தப் பையனுக்குச் செருப்புத் தைப்பது ஒரு தண்டனைக் காலம். முடிந்ததும் வீட்டுக்கு வந்தார், மருத்துவம் படித்தார். அருந்ததியர் வீட்டுப் பையனுக்கு அந்தத் தொழில் பிறப்பிலேயே எழுதிவைத்த முகவரி. தொழில் அறிவைக் கெடுக்கவில்லை. திரும்பி வரும் பாதையை அடைத்ததுதான் கெடுத்தது.

இராமன் பதினைந்து வயது முடியுமுன் சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்தார், 1904-இல் பட்டம் பெற்றார், 1930-இல் நோபல் பரிசு வாங்கினார். அவர் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பிறந்த ஆண்டில் அதே ஊரின் சேரிக் குழந்தைக்கு என்ன இருந்தது என்று மட்டும் கேட்கிறோம். மிஷன் பள்ளிகள் சில இருந்தன. அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி அவர்களுக்கு நடைமுறையில் மூடியே இருந்தது. பண்டிதர் அயோத்திதாசர் 1891-இல் திராவிட மகாஜன சபையைக் கூட்டிக் கல்வி கேட்டார். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அந்த 1893-இல்தான் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை போட்டது. அதுவும் தனிப் பள்ளிகளுக்கு உதவி என்ற வடிவில். இராமனுக்கு அப்போது ஐந்து வயது ஆகவில்லை. அவர் எழுத்துப் படிக்கத் தொடங்கும் வயதில்தான், நம் குழந்தைகளுக்கு எழுத்து வேண்டுமா என்ற பேச்சே அரசுக் காகிதத்தில் ஏறுகிறது.

இராமனைப் பற்றி இன்னொன்று. 1920-இல் அவரும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் நம் நாட்டுத் தோல் கருவிகளின் நாதம் பற்றி எழுதினார்கள். சாதாரணப் பறைகளின் ஒலி கலங்கலாக இருக்க, மிருதங்கம், தபலா போன்றவற்றில் மட்டும் நரம்புக் கருவிபோல் சுருதி சுத்தமாக நிற்பது ஏன் என்பது கேள்வி. தோலின் நடுவில் பூசும் கரும்பசையின் கனம் அதைச் செய்கிறது என்று காட்டினார்கள். அருமையான ஆய்வு. அந்தப் பசை எவ்வளவு, எத்தனை அடுக்கு, எங்கே மெலிய வேண்டும் என்பதைக் காதால் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தவர்கள் யார்? மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் தொட்டவர்கள். காவிரிப் படுகையில் மிருதங்கம் செய்த தலித் கிறித்தவக் குடும்பங்களின் பெயர்களை, டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதிய பிறகுதான் பலர் கேள்விப்பட்டார்கள். ஒலியைக் காது வாங்குகிறது, ஆனால் அது சுருதியா இல்லையா என்று பிரித்தறிவது மூளை. தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்த மூளைகளுக்கு ஆய்வகத்தில் மட்டும் இடமில்லை.

மூக்கை அளந்தவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளை அறிஞர்களுக்குத் தலையை அளக்கும் பித்து பிடித்திருந்தது. அமெரிக்காவில் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளில் கடுகு போன்ற விதைகளை நிரப்பி, எந்த இனத்துக்கு எவ்வளவு கொள்கிறது என்று கணக்கெடுத்து 1839-இல் நூல் வெளியிட்டார். மூளை பெரிதானால் அறிவு பெரிது என்பது அவர்கள் துணிபு. பிற்காலத்தில் என்ன ஆயிற்று? நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அனத்தோல் பிரான்சு இறந்தபின் அவர் மூளையை எடை போட்டார்கள். சுமார் ஒரு கிலோதான். ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் மூளை ஏறத்தாழ இரண்டு கிலோ. இரண்டு பேரும் பெரிய எழுத்தாளர்கள். தராசு தோற்றது.

இந்தியாவுக்கு வந்தபோது இந்தப் பித்து சாதியைப் பிடித்துக்கொண்டது. வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்தார். மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியெண். அகலம் கூடக் கூட சாதியின் படி இறங்கும் என்று 1890-களின் தொடக்கத்தில் அவர் விதியே எழுதினார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராகவும் அவரே இருந்தார்.

நம் மாகாணத்தில் அந்த வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885-இல் வந்தவர், 1894-இலிருந்து கவட்டையும் நாடாவும் கொண்டு மனிதர்களை அளக்கத் தொடங்கினார். அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்த எளிய மக்களும் அளக்கப்பட்டார்கள். காவல்துறைக்கும் அவர் உடலளவுப் பாடம் எடுத்தார். ஒரே கருவி, ஒருபக்கம் சாதியை எண்ணியது, மறுபக்கம் குற்றவாளியை எண்ணியது. 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் பெயரில் ஏழு தொகுதிகள் வந்தன. இன்றும் சாதிச் சங்கங்கள் பெருமை பேச அதைத்தான் புரட்டுகின்றன. நம் பாட்டன் பூட்டன்களின் தலை அகலம், மூக்கு நீளம் எல்லாம் அதில் அச்சில் இருக்கிறது. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது ஒரு வரியிலும் இல்லை.

இதற்கு மறுமொழி சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். 1948-இல் வெளியான 'தீண்டத்தகாதோர்' நூலில், தீண்டாமைக்குக் காரணம் இன வேறுபாடு என்ற வாதத்தை அவர் எதிர்கொள்கிறார். கோபப்பட்டுப் பக்கம் நிரப்பவில்லை. எதிரியின் அளவுகோலையே கையில் எடுக்கிறார். சமூகவியலாளர் குர்யே தொகுத்த மூக்குக் குறியெண்களை மாகாண வாரியாக அடுக்கி, ஒரு வட்டாரத்துப் பார்ப்பனரையும் அதே வட்டாரத்துத் தீண்டத்தகாதவரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். இனம் வேறு என்று சொல்ல அந்த எண்களில் ஆதாரம் இல்லை, இருவரும் ஒரே இனத்தார்தான் என்ற முடிவுக்கு வருகிறார். அளக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் படித்து வந்து, அளந்தவர்களின் கணக்கேட்டைத் திருத்திக் கொடுத்த நிகழ்ச்சி அது. அறிவியல் படிக்கப் போகும் தோழர்கள் அந்த அத்தியாயத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். தரவை எப்படிக் கையாள்வது என்பதற்கு அது பாடம்.

திருச்சி மேலப்புதூரில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. உள்ளே தலித் கிறித்தவர் புதைகுழிகளையும் மற்றவர் புதைகுழிகளையும் பிரிக்க ஒரு சுவர் எழுப்பினார்கள். அதை எதிர்த்து நம் தோழர்களும் பெரியாரியத் தோழர்களும் பல ஆண்டுகளாகப் போராடியிருக்கிறார்கள். அந்தச் சுவரின் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு மண்டையோட்டை எடுத்து உலகின் எந்த உடற்கூறு வல்லுநரிடம் கொடுத்தாலும், எது எந்தப் பக்கத்தது என்று அவரால் சொல்ல முடியாது. சுவருக்குத் தெரிவது எலும்புக்குத் தெரியாது.

இரண்டு ஆண்டுகள், இரண்டு கதவுகள்

தமிழ்நாட்டின் மூளை மருத்துவ வரலாற்றை எழுதுவோர் மூன்று தேதிகளைத் தவறாமல் சொல்வார்கள். 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1950 அக்டோபரில் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார். 1951-இல் இவர்களும் இன்னும் இருவரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தார்கள். நாடே மூளைச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டைப் பார்த்த காலம்.

அதே காலத்தில் வேறு மூன்று தேதிகள் உண்டு. இரண்டையும் யாரும் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை.

மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களுக்கு அப்போது சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உரிமை ஆணை இருந்தது. பதினான்கு இடங்கள் இருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, அன்றைய அரசு மொழியில் அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முசுலிம்களுக்கு 1. நமக்குப் பதினான்கில் இரண்டு. 1950-இல் செண்பகம் துரைராஜன் என்ற பார்ப்பனப் பெண்மணி, மருத்துவக் கல்லூரியில் தன் உரிமை பறிபோவதாக உயர் நீதிமன்றம் போனார். அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது பிறகு உச்ச நீதிமன்றத்திலேயே தெரிந்தது. இருந்தும் 1950 ஜூலை 27 அன்று உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது.

சென்னையில் மூளைத் துறை திறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, அந்தத் துறைக்குப் போகும் ஒரே பாதையான மருத்துவக் கல்லூரியில் நம் இரண்டு இடங்களும் சட்டப்படி காற்றில் நின்றன. தந்தை பெரியார் தெருவில் இறங்கினார், மாகாணம் கொந்தளித்தது. அண்ணல் சட்ட அமைச்சராக இருந்தபோதே, 1951 ஜூன் 18 அன்று முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது. 15(4) என்ற பிரிவு பிறந்தது. இன்று இட ஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் அந்தப் பிரிவின் வழியாகத்தான் நுழைகிறோம். நுழைந்தபின் கட்டணம் கட்ட வழி செய்ததும் அண்ணலின் முயற்சிதான். பட்டியலின மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை, அவர் வைசிராய் அவையில் உறுப்பினராக இருந்த 1944-இல் தொடங்கியது. எந்தக் கதவும் தானாகத் திறந்ததில்லை.

சோறும் மூளையும்

மனித மூளையின் எடை சுமார் 1,300 முதல் 1,400 கிராம். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் நாம் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே சாப்பிடுகிறது. உள்ளே ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். இந்த எண்ணில் எந்தத் தெருவுக்கும் தனிக் கணக்கு இல்லை.

மூளை பிறவியில் வார்த்து முடித்த பாத்திரம் என்ற எண்ணத்தை 1960-களில் மரியன் டயமண்ட் என்ற பெண் விஞ்ஞானி உடைத்தார். எலிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு விளையாட்டுப் பொருள்கள், துணை எலிகள், பெரிய கூண்டு. மற்றவை வெறுங்கூண்டில் தனியாக. முதல் கூட்டத்தின் மூளைப் புறணி தடிமனாகியிருந்தது. 2000-இல் லண்டன் டாக்சி ஓட்டுநர்களை ஆராய்ந்தார்கள். ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்கும் அவர்களுக்கு, இடநினைவைத் தாங்கும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பழக்கமும் சூழலும் மூளையை மாற்றுகின்றன. அப்படியானால் 'தகுதி' என்று நம் முகத்தில் எறியப்படும் சொல், பாதி கூண்டைப் பற்றிய செய்தி.

இதை ஆய்வகம் இல்லாமலே செயல்படுத்திய ஊர் திருச்சி. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது இங்கே திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில்தான். காமராசர் 1950-களில் போட்ட மதிய உணவு அதற்கு அடித்தளம். வளரும் மூளைக்கு இரும்பும் அயோடினும் புரதமும் கிடைக்காவிட்டால் கற்கும் திறன் குறையும் என்பது இன்று பாடநூல் செய்தி. அந்தத் தட்டில் விழுந்த சோறு எத்தனை பேரின் மூளையைக் காத்தது என்று நமக்குத் தெரியும், நம்மில் பலர் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆனால் நம் பெண்கள் சமைத்தால் சாப்பிட மாட்டோம் என்று பிள்ளைகளைத் தடுக்கும் ஊர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். சோறு வயிற்றுக்கு, அவமானம் எங்கே போகிறது?

அதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குத் தாளில் வழிகண்டுபிடிக்கும் புதிர் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர், ஆதிக்க சாதியினர் 321 பேர். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் புதிர்களை முடித்தார்கள். பெயரோடு சாதியையும் சத்தமாகப் படித்த பிறகு ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை விழுந்தது. மூளை அதே மூளை. அறையில் ஒரு சொல் கூடியது, அவ்வளவுதான்.

வகுப்பில் "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்திரு" என்று கேட்டு எழுந்து நின்றவர்களுக்கு இந்த ஆய்வை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் 'வலித்தது' என்று சொல்லும்போது அதை உணர்ச்சி என்று ஒதுக்கினார்கள். இப்போது அது எண்ணாக இருக்கிறது.

நாம் போனால் என்ன கேட்போம்

இங்கே ஓர் எச்சரிக்கை. 2015-இல் அமெரிக்காவில் 1,099 குழந்தைகள், இளையோரின் மூளைப் படங்களை ஆராய்ந்து, குடும்ப வருமானம் குறையும்போது மூளைப் புறணியின் பரப்பும் சராசரியாகக் குறைவாக இருக்கிறது என்று எழுதினார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த ஆய்வு. வறுமையை ஒழியுங்கள் என்று சொல்ல இது உதவும். அதே படத்தைத் தர்ஸ்டனின் வாரிசு கையில் கொடுத்தால், "பார்த்தீர்களா, சேரி மூளை சிறியது" என்பார். சராசரியை ஒரு குழந்தையின் நெற்றியில் ஒட்டக்கூடாது, தொடர்பு என்பது காரணம் ஆகாது என்று அந்த அறையில் எழுந்து சொல்ல ஆள் வேண்டும். வெளியே நின்று முழக்கம் போட்டால் போதாது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் நூறு மடங்கு விலை உயர்ந்த கவட்டையாக மாறாமல் இருக்க, அதை இயக்குபவர்களில் நாமும் இருக்க வேண்டும்.

இன்னொரு காரணம், கேள்விகள். என்ன ஆராய்வது என்பதை ஆராய்பவரின் வாழ்க்கைதான் தீர்மானிக்கிறது. சாக்கடைக் குழியில் இறங்கும் நம் சகோதரர்களைக் கொல்வது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. அளவு கூடியதும் அது முதலில் மோப்ப நரம்பைச் செயலிழக்க வைக்கும். "நாத்தம் போயிடுச்சு, எறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் மரணத்தின் நேரம். அடுத்து மூளைத்தண்டில் மூச்சை ஓட்டும் மையம் நிற்கும். 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தும் சாவு நிற்கவில்லை. உயிர் பிழைத்தவர்களின் நினைவாற்றலும் தூக்கமும் பத்தாண்டு கழித்து எப்படி இருக்கிறது என்று அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்கும் ஆய்வாளர் வேண்டும். டெல்டா வயல்களில் கைத்தெளிப்பான் சுமந்து மருந்தடிக்கும் கூலித் தொழிலாளர் உடம்பில், ஆர்கனோபாஸ்பேட் என்ற நஞ்சு நரம்புச் சமிக்ஞையை அணைக்கும் நொதியை முடக்குகிறது. எச்சில் ஒழுகும், தசை துடிக்கும், மூச்சு நிற்கும். சாகாமல், தினம் கொஞ்சமாக அதைச் சுவாசித்தால் மூளைக்கு என்ன ஆகும்? செம்பட்டுப் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு என்ன ஆயிற்று? கொலை, எரிப்பு, விரட்டல் நடந்த சேரிகளின் குழந்தைகள் இரவில் எப்படித் தூங்குகிறார்கள்? "மூளையைப் படிச்சு சேரிக்கு என்ன ஆகப்போவுது" என்று கேட்ட தோழருக்கு எங்கள் பதில் இந்தப் பட்டியல்தான்.

இன்றைய கதவு

திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1950 முதல் 1954 வரை விடுதியில் தங்கி இயற்பியல் படித்தார் ஒரு படகுக்காரர் மகன், அப்துல் கலாம். 2003-இல் குடியரசுத் தலைவராக இருந்த அவர்தான் அரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கேட்க நிறைவாக இருக்கிறது. மூன்று ஆண்டு கழித்து நடந்ததையும் கேளுங்கள்.

2006-இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் சேர்க்கைக்கான இட ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. பட்டியல் சாதிகளுக்கு 15, பழங்குடிகளுக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. அதன் நான்காவது பிரிவு சில 'சிறப்பு' நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. அட்டவணையில் எட்டுப் பதிவுகள். அதில் ஒன்று தேசிய மூளை ஆய்வு மையம். நாட்டின் பெயரால் நடக்கும் மூளை ஆய்வு நிறுவனத்தில் நமக்கு இடம் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் அதே அட்டவணையில் இருக்கிறது. ஆசிரியர் பணிக்கான 2019 சட்டத்திலும் இதுபோன்ற விலக்குப் பட்டியல் உண்டு. ஆழ்வாரைத் தோளில் தூக்கிப் போனார்கள் என்ற கதை இங்கே திரும்ப வருகிறது. உள்ளே இருப்பவர் மனம் வைத்தால் தூக்கிப் போவார். நம் காலால் நடந்து போகும் உரிமை சட்டத்தில் வேண்டும். அந்த அட்டவணையை நீக்கக் கோருவது நம் மாணவர் அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. ஏற்ற வேண்டும்.

மருத்துவத்தின் வழியாகப் போகலாம் என்றால் அங்கே நீட் நிற்கிறது. நமக்குப் பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் குழுமூரில், மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 1,200-க்கு 1,176 மதிப்பெண் எடுத்தவர். உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியவர். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அவர் பெயரைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் கல்வி வரலாறு எழுத முடியாது. அவர் பெயரைச் சொல்லும்போதே இதையும் சொல்கிறோம். தோழர்களே, கதவு மூடியிருந்தால் அது உங்கள் குறை இல்லை. தனியாக நின்று தட்டாதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள், சேர்ந்து தட்டுவோம்.

தங்கைக்கு நாங்கள் கடைசியில் சொன்னது இதுதான். மூளை என்ற பெயரில் பட்டம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். விலங்கியலோ உயிர்வேதியியலோ உளவியலோ எடு. கணக்கையும் புள்ளியியலையும் விடாதே, இனி மூளை ஆய்வில் பாதி கணினி வேலை. மூன்றாம் ஆண்டில் நுழைவுத் தேர்வுகள் வரும், அதற்கான புத்தகத்தை வட்டம் வாங்கித் தரும். உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை தள்ளாதே, மறுத்தால் எழுத்தில் கேள். ஆங்கிலம் தடுக்கினால் வெட்கப்படாதே, கஹால் தாய்மொழியான ஸ்பானிய மொழியில்தான் முதலில் எழுதினார், உலகம் பின்னால் வந்து படித்தது.

விலங்கியல் சேர்ந்திருக்கிறார். போன ஞாயிறு வட்டத்துக்குப் பதிவேட்டை எடுத்துவந்தார். முதல் பக்கங்களில் ஒரு நரம்பணுவைப் பென்சிலால் வரைந்திருந்தார், கிளைகளோடு. சட்டம் படிக்கச் சொன்ன தோழர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எதும்மா, வேரா?" என்று கேட்டார். தங்கை சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.